பழைய லேப்டாப்புக்கு வேற ப்ராசசர்: மாத்த முடியுமா, மாத்தணுமா?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு மீனவ கிராமத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார்: "அக்காவுக்கு ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப். இப்ப காலேஜ் வேலைக்கு நான் வெச்சிருக்கேன். ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. ப்ராசசரை மாத்தினா வேகமாகுமா?"

அந்த இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினதே தம்பியோட திருவள்ளூர் மாவட்டத்துலதான். 2011 செப்டம்பர் 15, காக்களூர். அன்னைக்கு வந்த மெஷின் இன்னைக்கும் பல வீட்டுல இருக்கற ஒரே கம்ப்யூட்டர். அதனால செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிச்சுப் பார்ப்போம்.

முதல்ல, மாத்த முடியுமா? லேப்டாப் ப்ராசசர் ரெண்டு விதமா வரும். ஒண்ணு, சாக்கெட்ல உட்காரும். ஸ்க்ரூவைத் திருப்பினா கழட்டலாம். இன்னொண்ணு, மதர்போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருக்கும். இன்டெல்ல 2010-லிருந்து 2013 வரைக்கும் வந்த, பேர் 'எம்'னு முடியற மாடல்கள் பெரும்பாலும் சாக்கெட் வகை. 'யு'னு முடிஞ்சா சால்டர், அதை விட்டுடுங்க. சிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல 'பேக்கேஜ்'ங்கற இடத்துல 'PGA'ன்னு வந்தா கழட்டலாம், 'BGA'ன்னு வந்தா முடியாது.

சாக்கெட்டா இருந்தாலும் எதை வேணா போட முடியாது. அதே சாக்கெட்டுக்கு வந்த ப்ராசசரா இருக்கணும், மதர்போர்டோட பயாஸ் அதை ஏத்துக்கணும். 35 வாட் ப்ராசசருக்குப் பொருத்தின ஃபேன்ல 45 வாட் ஐ7 போட்டா சூடு தாங்காது. வேகத்தை அதுவே குறைச்சுக்கும்.

சரி, மாத்தணுமா? ஆன் ஆக அஞ்சு நிமிஷம் ஆகறதுக்கு பெரும்பாலும் காரணம் ப்ராசசர் இல்லை, ஹார்ட் டிஸ்க். சுத்தற தட்டுல ஒவ்வொரு ஃபைலையும் தேட 10 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். எஸ்எஸ்டில அது சுமார் 0.1 மில்லிசெகண்ட். ஐ7 போட்டாலும் அது டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டுதான் இருக்கும்.

அடுத்தது ரேம். இங்க ஒரு சிக்கல் இருக்கு. ஆரம்பத்துல வந்த அரசு லேப்டாப்கள்ல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்துச்சு. அது 2 ஜிபிக்கு மேல ரேமைப் பயன்படுத்தாது. 4 ஜிபி வாங்கிப் போட்டும் ஒண்ணும் மாறலைன்னா அதுதான் காரணம். ஓஎஸ்ஸையும் சேர்த்து மாத்தணும்.

எந்த ஓஎஸ்? விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல கிட்டத்தட்ட 8-ஆம் தலைமுறையாவது வேணும். இந்த சாக்கெட்ல போடக்கூடிய எந்த ப்ராசசரும் அதுல சேராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. மிச்சம் இருக்கறது லினக்ஸ். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான ஒண்ணு போட்டா ப்ரௌசர், டாகுமென்ட், கோடிங் எல்லாம் ஓடும்.

கடலோரத்துல இன்னொரு விஷயமும் உண்டு: உப்புக் காத்து. கனெக்டர்கள் அரிக்கும். உள்ள தூசியும் ஈரமும் சேர்ந்து ஃபேனை அடைச்சுக்கும். சூடானா எந்த ப்ராசசரும் மெதுவாத்தான் ஓடும். அதனால ஃபேனைச் சுத்தம் பண்ணி புது தெர்மல் பேஸ்ட் வைக்கறதுதான் முதல் வேலை. செலவும் இதுக்குத்தான் குறைவு.

வரிசை இதுதான்: சுத்தம், எஸ்எஸ்டி, ரேம், லினக்ஸ். பழைய டிஸ்க்கைக் கழட்டறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட், போட்டோ எல்லாத்தையும் காப்பி எடுத்துடுங்க. இதுக்கப்புறமும் வீடியோ எடிட்டிங், பெரிய ப்ரோக்ராம் கம்பைல் பண்றதுன்னு ப்ராசசரே மூச்சு வாங்கற வேலை இருந்தா மட்டும், செகண்ட் ஹேண்ட் ப்ராசசர் தேடலாம்.

பழவேற்காட்டுல இருந்து பொன்னேரி வந்து, ட்ரெயின் பிடிச்சு, ரிச்சி ஸ்ட்ரீட் போய்த் திரும்பறதுக்குள்ள ஒரு நாள் போயிடும். கிளம்பறதுக்கு முன்னாடி லேப்டாப் மாடல், ப்ராசசர் பேர், ரேம் வகை மூணையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க தம்பி. கடைக்காரர் "ஐ7 போட்டா பறக்கும்"னு சொன்னா, முதல்ல எஸ்எஸ்டி விலையைக் கேளுங்க.