தொலைப்பணியும் நீதிமன்ற அதிகார வரம்பும்

தொலைப்பணி என்பது நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் செல்லாமல் வீட்டிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ ஆற்றும் பணியாகும். பணிநீக்கம், ஊதிய நிலுவை போன்ற பிணக்குகளை எந்த ஊர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதை அதிகார வரம்பு குறிக்கிறது. நிறுவனம் பெங்களூரிலும் ஊழியர் திருநெல்வேலியின் மேலப்பாளையத்திலும் இருந்தால், வழக்கிற்காக யார் பயணம் செய்ய வேண்டும் என்பது இதைப் பொறுத்ததே.

வீடே பணியிடம்

மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்து பணிபுரிதல் கணினிக்கு முற்பட்டது. இங்கு பெண்கள் பலர் இலையும் தூளும் பெற்று வீட்டிலேயே பீடி சுற்றி வந்துள்ளனர். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இவர்களையும் தொழிலாளர் என வரையறுத்தது. மூலப்பொருள் வழங்கல், பீடி கழித்தல் பற்றிய பிணக்குகளைத் தீர்க்கும் அதிகாரியை மாநில அரசு குறிப்பிடவும் வகை செய்தது. இச்சட்டத்திற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

தொழிலாளர் வழக்குகள்

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஸ்ரீ ரங்க விலாஸ் மோட்டார்ஸ் நிறுவனம், பெங்களூர்க் கிளை ஊழியர் ஒருவரைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றியது. அப்பிணக்கை அன்றைய மைசூர் அரசு தொழிலாளர் நீதிமன்றத்திற்கு அனுப்பியது செல்லும் என 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் பணிபுரிந்த இடம் பெங்களூர் என்பதே காரணம்.

2022இல் வந்த மற்றொரு தீர்ப்பு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. காசியாபாத்தில் பணிபுரிந்து அங்கேயே நீக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவர், பின்னர் தில்லியில் குடியேறி அங்கு வழக்குத் தொடுத்தார். தில்லிக்கு அதிகார வரம்பு இல்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பு மட்டும் போதாது. பணியுடன் தொடர்பு வேண்டும். இவ்வடிப்படையில், மேலப்பாளையத்து வீட்டிலிருந்தே பணியாற்றியவரின் வாதம் வலுவானது. நீக்கப்பட்ட பின் ஊர் திரும்பியவரின் வாதம் வலுக்குறைந்தது.

ஒப்பந்த விதி

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, எதிர்வாதி தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக் காரணம் முழுவதுமோ பகுதியாகவோ எழுந்த இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் ஒப்பந்தம் தெரிவு செய்யலாம்; அதிகாரமற்ற நீதிமன்றத்திற்குப் புதிதாக அதிகாரம் வழங்க இயலாது. எச்டிஎஃப்சி வங்கி வழக்கில் (2025), மும்பை நீதிமன்றங்களை மட்டும் குறிப்பிட்ட பணி ஒப்பந்த விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் கூறியது. பாட்னாவிலும் தில்லியிலும் வழக்குத் தொடுத்த ஊழியர்கள் மும்பையை நாட வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலை வேறு. ஊழியர் வழக்கமாகப் பணிபுரியும் இடத்தின் நீதிமன்றத்திலேயே முதலாளி மீது வழக்குத் தொடுக்கலாம். பிணக்கு எழுமுன் செய்த ஒப்பந்தத்தால் இவ்வுரிமையைப் பறிக்க இயலாது.

இந்தியாவில், பணியிடம் எது என நியமனக் கடிதம் குறிப்பிடுவதும், அதிலுள்ள நீதிமன்ற விதியும் தொலைப்பணியாளருக்கு முதன்மையானவை.