மழலைப் பருவத்தில் நடனம்

ஐதராபாத் நகரின் வடமேற்கிலுள்ள சனத்நகர், தொழிற்சாலைகளாலும் அவற்றில் உழைப்போரின் குடியிருப்புகளாலும் வளர்ந்த பகுதியாகும். ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாட்கள், தெலங்கானாவின் ஏனைய பகுதிகளைப் போலவே இங்கும் பெண்கள் பதுக்கம்மா ஆடுகின்றனர். தெலுங்கில் தங்கேடு என வழங்கும் ஆவாரம் பூவையும் சாமந்தியையும் கோபுரம்போல் அடுக்கி நடுவில் வைத்து, குனிந்து நிமிர்ந்து கைகொட்டிச் சுற்றி வரும் இவ்வாட்டம் தமிழ்நாட்டுக் கும்மியை ஒத்தது. வட்டத்தின் ஓரத்தில் மூன்று வயதுக் குழந்தைகளும் ஒருவரும் சொல்லித் தராமலே கைகொட்டுவர். கொட்டு தாளத்திற்கு முந்தும், அல்லது பிந்தும். ஆயினும் குழந்தை நிறுத்துவதில்லை. அப்பொழுது அதன் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வது யாது என்பதை அங்கன்வாடி ஊழியரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

தாளத்தை உணரும் ஆற்றல் மிக இளமையிலேயே அமைந்துள்ளது. பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆன, உறங்கிக் கொண்டிருந்த சிசுக்களுக்கு ஹங்கேரி நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் ஒழுங்கான தாளம் ஒன்றை ஒலிக்கச் செய்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். தாளத்தின் முதல் அடி விடுபட்ட போதெல்லாம், எதிர்பார்த்தது வரவில்லை என்பதைக் காட்டும் மாறுதல் அவ்வலைகளில் தோன்றிற்று. இம்முடிவு 2009-ல் வெளியாயிற்று. எனினும் தாளத்தை உணர்தல் வேறு. அதற்கேற்ப உடலை அசைத்தல் வேறு. இரண்டாவதற்குச் சிறுமூளையும் தசைகளும் பல ஆண்டுகள் பழக வேண்டும்.

இப்பழக்கத்தில் இரு புலன்கள் சிறப்பாகப் பங்கு கொள்கின்றன. ஒன்று உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு. அதன் மூன்று அரைவட்டக் குழாய்களில் நிறைந்துள்ள திரவம், தலை திரும்பும்போது பின்தங்கி, திரும்பிய திசையை மூளைக்கு அறிவிக்கிறது. தட்டாமாலை சுற்றிய குழந்தை நின்ற பிறகும் உலகம் சுழல்வதாகக் கூவுவது, அத்திரவம் உடனே நிற்காமையால்தான். மற்றொன்று தசை உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு தன் மூக்கைத் தொட இயல்வது இதனாலேயே. சுற்றுதல், குனிதல், ஒற்றைக்காலில் நிற்றல் யாவும் இவ்விரண்டையும் பார்வையோடு இணைத்துப் பழக்குகின்றன. மூன்று வயதில் ஒரு காலில் சில நொடிகளே நிற்கும் குழந்தை, நான்கு வயதளவில் ஒற்றைக்காலால் தத்துகிறது. ஐந்து வயதளவில் கால் மாற்றிக் குதித்தோடக் கற்கிறது. மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமேனும் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், அதில் 60 நிமிடமேனும் ஓடியாடும் வகையினதாக இருத்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியுள்ளது. ஓரறை வீடும் வாகனங்கள் நிறைந்த சந்துமே உள்ள தொழிலாளர் குடியிருப்பில் இவ்வளவு அசைவுக்கு இடம் ஏது? அங்கன்வாடியின் ஓர் அறையிலும் ஆடலாம் என்பதே நடனத்தின் வசதி.

உடற்பயன் எளிதில் விளங்குவது. மனப்பயன் அத்துணை வெளிப்படையன்று. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த 40 பாலர் பள்ளிக் குழந்தைகள் இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 8 வாரம் நடனமும் அசைவும் கற்பிக்கப்பட்டன. எக்குழந்தை எப்பிரிவினது என்பதை அறியாத பெற்றோரும் ஆசிரியரும் முன்னும் பின்னும் மதிப்பிட்டதில், ஆடிய குழந்தைகள் பிறரோடு பழகுவதில் மிகுந்த முன்னேற்றம் பெற்றிருந்தனர். நாற்பது என்பது சிறு தொகையே. ஆயினும் ஒப்பீடு நேர்மையானது. கனடாவில் 2014-ல் வெளியான சோதனை இன்னும் வியப்பானது. இசைக்கு ஏற்ப ஒருவர் எதிரே துள்ள, அவரோடு ஒரே சீராகத் தூக்கி அசைக்கப்பட்ட 14 மாதக் குழந்தைகள், அவர் கை தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்க மிகுதியாக முன்வந்தன. சீரின்றி அசைக்கப்பட்டவை அவ்வளவு முன்வரவில்லை. ஒன்றாக அசைதல் ஒட்டுதலை வளர்க்கிறது என்பது இதன் பொருள். நடனத்தால் கணிதம் வரும், அறிவு கூர்மையடையும் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அவற்றிற்கு இத்தகைய உறுதியான சான்று இல்லை. பெற்றோருக்கு அவ்வாறு வாக்களிப்பது முறையன்று.

தெலுங்கு, உருது, இந்தி எனப் பல மொழிகள் வழங்கும் சனத்நகர் போன்ற இடத்தில் இவ்வொட்டுதலின் மதிப்பு பெரிது. வேற்று மாநிலத்திலிருந்து வந்த குழந்தைக்கு ஆசிரியையின் சொல் விளங்காது. வட்டமும் கைகொட்டும் விளங்கும்.

நம் நாட்டில் குழந்தைக் கல்வியும் நடனமும் அருகருகே வளர்ந்த இடம் சென்னை அடையாறு ஆகும். ருக்மிணி தேவி அருண்டேல் அங்கு 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1939-ல் அவருடைய கணவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில் மரியா மாண்டிசோரி அங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மாண்டிசோரி முறையில், தரையில் நீள்வட்டக் கோடு ஒன்று வரையப்படும். குழந்தை முதலில் அதன்மேல் அடிக்கு அடி ஒட்டி நடக்கும். பிறகு கையில் கொடி ஏந்தி நடக்கும். பின்னர் இசைக்கு ஏற்ப நடக்கும். இதற்குச் செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டியே.

பயிற்சியை நடத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. குழந்தையின் இயல்பான வேகம் பெரியோருடையதைக் காட்டிலும் விரைவானது. மெதுவான தாளமே அதற்குக் கடினம், அடுத்த அடி வரும் வரை தன்னை அடக்கிக் காத்திருக்க வேண்டியிருப்பதால். ஆதலால் முதலில் ஆசிரியர் குழந்தையின் வேகத்திற்குக் கைகொட்டி, நாளடைவில் தாளத்தை மெதுவாக்கலாம். பாட்டு நின்றதும் சிலைபோல் நிற்கச் சொல்லும் விளையாட்டு இவ்வடக்கத்தை வளர்க்க மிக ஏற்றது. மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் உட்புறமாகச் சற்று முட்டியிருத்தல் பெரும்பாலோர்க்கு இயல்பு. ஏழு வயதளவில் நேராகும். அதற்கு முன் அரைமண்டியில் நெடுநேரம் நிறுத்துவதும், சிமெண்டுத் தரையில் ஓங்கி மிதிக்கச் செய்வதும் வேண்டா. ஜமக்காளம் விரிப்பதும் உதவாது, வழுக்கும். வெறுங்காலுடன் மண் முற்றத்தில் ஆடுவதே சிறந்தது. உணவு உண்டவுடன் ஆடுதல் கூடாது.

ஆண்டு விழாவைப் பற்றியும் கூறவேண்டும். விழா நெருங்கியதும் நன்றாக ஆடும் எட்டுப் பேரைத் தேர்ந்து, ஒரே பாட்டை மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. மற்றவர்கள் சுவரோரம் அமர்ந்திருப்பர். பயிற்சி மிகவும் தேவைப்படுவோர் அச்சுவரோரத்தினரே. நாள்தோறும் கால்மணி நேரம் அனைவரும் ஆடுவது, அவ்வெட்டுப் பேரின் மேடை நிகழ்ச்சியைவிடப் பயன் தரும்.

வட்டத்தில் ஆடும் குழந்தைகளை உற்று நோக்கும் ஊழியர், வேறெங்கும் எளிதில் புலப்படாத குறைகளையும் கண்டறியலாம். சிறிது ஆடியதும் மூச்சிரைத்து அமரும் குழந்தைக்கு இரத்தசோகை இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இருதயக் கோளாறும் இருக்கக்கூடும். செவித்திறன் குறைந்த குழந்தை அண்டையிலிருப்போரைப் பார்த்தே ஆடிவிடுமாதலால், அதன் குறை மறைந்தே நிற்கும். எல்லோரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் செய்து, பின்னாலிருந்து பறையைத் தட்டி நிறுத்த வேண்டும். ஒலி நின்ற பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் குழந்தையையும், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கும் குழந்தையையும் குறித்துக் கொண்டு, மறுநாளும் பார்த்து, 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினரிடம் காட்டுதல் வேண்டும். சனத்நகர்ப் பகுதியினருக்கு, செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளது.