தக்காளியின் மணம் எங்கே போனது?

கடையில் தக்காளி வாங்குகிறோம். நல்ல சிவப்பு. நல்ல கெட்டி. ஆனால் ரசம் வைத்தால் மணம் இல்லை. "அந்தக் காலத்துத் தக்காளி போல வராது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? உண்மைதான்.

ருசி என்பது என்ன? இனிப்பையும் புளிப்பையும் நாக்கு அறியும். மணத்தை மூக்கு அறியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு தக்காளி தின்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும். தக்காளியின் மணம் தெரியாது.

இந்த மணத்தை உண்டாக்கச் செடிக்குச் சொல்வது எது? மரபணு. அப்பாவின் சுருட்டை முடி பிள்ளைக்கு வருகிறதே, அதுவும் மரபணுவால்தான். தக்காளியில் சுமார் 35,000 மரபணுக்கள் உள்ளன. 14 நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து அவற்றைப் படித்தார்கள். 2012-இல் விவரங்களை வெளியிட்டார்கள். அதில் நம் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

சரி, மணமும் ருசியும் ஏன் குறைந்தன?

சில தக்காளிக் காய்களின் காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும். அவை ஒரே சீராகப் பழுக்காது. காய் முழுவதும் வெளிர்பச்சையாக இருந்தால் சீராகச் சிவக்கும். ஆகவே, புது விதை உருவாக்கியவர்கள் சுமார் 70 ஆண்டுகளாக வெளிர்பச்சைக் காயையே தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் ஓர் உண்மை தெரிந்தது. கரும்பச்சையைத் தரும் மரபணுதான் காயில் சர்க்கரையையும் கூட்டுகிறது. அது பழுதானால் நிறம் சீராகும். இனிப்பு குறையும்.

2017-இல் சுமார் 400 தக்காளி ரகங்களை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. புது ரகங்களில் 13 மணப்பொருள்கள் குறைந்திருந்தன. பெரிய பழம், அதிக விளைச்சல், லாரியில் நசுங்காத தோல் ஆகியவற்றையே பார்த்தார்கள். மணத்தை யாரும் பார்க்கவில்லை. விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? அவருக்கு எடைக்குத்தானே காசு!

ஆனாலும் மணம் தரும் மரபணுக்கள் பழைய ரகங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் புது ரகங்களோடு சேர்க்க முடியும். பழைய விதை அழிந்தால் அந்த வழி அடைபடும்.

நாம் என்ன செய்யலாம்?

மணமுள்ள நாட்டுத் தக்காளி கிடைத்தால், நன்கு பழுத்த பழத்தின் விதையை எடுங்கள். வழுவழுப்புப் போகக் கழுவுங்கள். நிழலில் உலர்த்திப் பத்திரப்படுத்துங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைக்க வேண்டாம். அதன் செடிகள் தாயைப் போல வராது.

பழுத்த தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மணம் தரும் மரபணுக்களின் வேலை குறைந்துவிடும்.

உங்கள் ஊரில் நாட்டுத் தக்காளி விதை யாரிடம் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள்.