மொட்டை மாடி அறையும் நுரைக் கூரையும்

இரும்புக் குழாய் நட்டு, மேலே தகர ஷீட் போட்ட மொட்டை மாடி அறைகளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். சித்திரை வெயிலில் அவற்றுக்குள் உட்கார முடியாது. அந்தச் சூட்டைத் தணிக்கப் பயன்படும் நுரைப் பொருள்கள் மூன்று: ஷீட்டுக்கு அடியில் ஒட்டும் தெர்மகோல், பீய்ச்சியடிக்கும் பாலியூரித்தேன் நுரை, இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல். மூன்றும் வெப்பத்தைத் தடுக்கும்; மூன்றிலும் உள்ள நுரை எரியவும் எரியும்.

தெர்மகோலில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான். நுண்ணறைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பாலியூரித்தேன் நுரை இன்னும் திறமானது. கான்கிரீட் அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆனால் இந்த நுரைகள் பெட்ரோலிய வழிப் பொருள்கள். தெர்மகோல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். தீப்பிடித்தால் உருகி, எரியும் சொட்டுகளாகக் கட்டில் மேலும் துணி மேலும் விழும். கெட்டியான பாலியூரித்தேன் நுரை உருகாமல் கருகி எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருக்கும். தீ நெருங்கும் முன்பே ஆளை மயக்கி விழவைப்பது இந்தப் புகைதான்.

கூரைத் தீயின் கொடுமையைத் தமிழ்நாடு நன்கு அறியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தனர். கீற்று எரியும் என்பது கண்ணுக்குத் தெரியும். நுரையோ தகடுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் பின்னால் மறைந்திருப்பதால் வீட்டுக்காரருக்கு அதன் நினைவே வருவதில்லை.

தீ தொடங்கும் இடங்களில் முதலாவது ஒயரிங். நுரைக்குள் புதைந்த ஒயரின் சூடு வெளியேற வழியில்லை. ஏசி போன்ற பெரிய சுமை ஓடும்போது அது அளவு மீறிச் சூடேறும். பிவிசி ஒயர் தெர்மகோலைத் தொட்டபடி கிடந்தால், உறையை வளையும்படி வைத்திருக்கும் வேதிப்பொருள் தெர்மகோலுக்குள் இறங்கிவிடும்; உறை விறைத்து, நாளடைவில் வெடிக்கும். ஒயரைத் தனிக் குழாயில், நுரைக்கு வெளியே கொண்டுபோவதே முறை.

இரண்டாவது வெல்டிங். தென்கொரியாவின் இச்சியோன் நகரில் 2020 ஏப்ரல் 29 அன்று கட்டுமானத்தில் இருந்த கிடங்கு எரிந்து 38 தொழிலாளர்கள் இறந்தனர். வெல்டிங் பொறி யூரித்தேன் நுரையைப் பற்றவைத்தது என்பது விசாரணையின் முடிவு. மாடியில் கைப்பிடிக் கம்பியோ தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கியோ பற்றவைப்பதாக இருந்தால், நுரை வேலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

‘ஃபயர் ரிட்டார்டன்ட்’ என்று விற்கப்படும் நுரை சிறு சுடரில் எளிதில் பற்றாது. பெருந்தீயில் அதுவும் எரியும். ஆகவே நுரையைத் திறந்தபடி விடாமல் மூடுவது கட்டாயம். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள், வசிக்கும் அறைக்கும் நுரைக்கும் இடையே அரை அங்குல ஜிப்சம் பலகையையோ அதற்கு ஈடான தடுப்பையோ கேட்கின்றன. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகும்வரை பின்னால் உள்ள நுரைக்கு வெப்பம் ஏறுவது தாமதப்படும். ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். பஃப் பேனலில் தகடே மூடியாக இருந்தாலும், இணைப்புகளிலும் ஒயருக்காக வெட்டிய ஓட்டைகளிலும் நுரை தலைகாட்டும். அந்த வழியே உள்ளே போன தீ தகடுகளுக்கு நடுவில் பரவும்; வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீர் அதை எட்டாது. வெட்டிய ஓரங்களைத் தகடு வைத்து அடைப்பது அதனால்தான்.

கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் நுரையைத் தளத்துக்கு மேலே பரப்பி, அதன் மேல் சிமென்ட் கலவையும் ஓடும் பதிப்பது பாதுகாப்பான ஏற்பாடு. அறைக்கும் நுரைக்கும் நடுவே எரியாத கான்கிரீட் நிற்கிறது. தகர ஷீட் அறைக்கு ராக்வூல் பொருத்தமானது. பாறையை உருக்கி இழையாக்கிய அது எரியாது. அதே பலனுக்குச் சற்றுக் கூடுதல் தடிப்பு வேண்டும், ஈரம் படாமலும் காக்க வேண்டும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சில் தீ அபாயம் என்ற பேச்சே இல்லை.

ஏற்கெனவே நுரை ஒட்டிய அறையில் சமையல் அடுப்பு, விளக்கு, இன்வெர்ட்டர், பேட்டரி வண்டி சார்ஜர் ஆகியவை கூடாது. மாடிப்படி ஒன்றே வழி என்பதால் அதில் தட்டுமுட்டுச் சாமான் அடுக்கக் கூடாது. கூரையில் புகை கண்டால் குனிந்தபடி இறங்கி, மெயின் சுவிட்சை அணைத்து, 101-ஐ அழைக்க வேண்டும்.