உங்களுக்குத் தெரியுமா? வென்றவரே சீட்டாகிறார்!

'மேஜிக்: த கேதரிங்' என்னும் சேகரிப்புச் சீட்டாட்டத்தின் 2019-ஆம் ஆண்டுப் போட்டிப் பருவத்தில் உலகப் பட்டம் வென்றவருக்கு, பரிசுப் பணத்தைவிட அரிய ஒன்றும் கிடைத்தது: அவருடைய சாயலில் உருவம் வரையப்பட்ட புதிய சீட்டொன்று அச்சாகி, அதே ஆட்டத்தின் நிலையான உறுப்பாயிற்று.

• பருவத்தின் நிறைவாக, 2020 பிப்ரவரியில் ஹவாயின் ஹொனலுலு நகரில் 16 பேர் மட்டுமே மோதிய போட்டியில், பிரேசிலைச் சேர்ந்த பாவ்லோ வீட்டோர் டாமோ டா ரோசா வென்று 3 லட்சம் அமெரிக்க டாலர் பெற்றார்.

• 2021-இல் வெளிவந்த அவருடைய சீட்டான 'எலீட் ஸ்பெல்பைண்டர்', எதிராளியின் கையிலுள்ள சீட்டுகளைப் பார்த்து அவற்றுள் ஒன்றை ஒதுக்கிவைக்கவும், அதை அவர் பின்னர் ஆட விரும்பினால் 'மானா' எனப்படும் மந்திர ஆற்றலில் இரண்டு அலகுகள் கூடுதலாகச் செலுத்தவைக்கவும் வல்லது. ஆட்ட நுணுக்கங்களை ஆராய்ந்து கட்டுரைகள் பல எழுதிய ஒருவருக்கு மிகப் பொருத்தமான சீட்டு இது.

• இவ்வழக்கம் புதிதன்று. அமெரிக்க ஆட்டக்காரரான ஜான் ஃபிங்கெலின் உருவம் தாங்கிய 'ஷேடோமேஜ் இன்ஃபில்ட்ரேட்டர்' 2001-இலேயே வெளிவந்தது.

• இவ்வாட்டத்தின் தொழில்முறைச் சுற்றான 'புரோ டூர்' 1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் தொடங்கியது.