மடியில் ஒரு வருஷம் – 9: உச்சிக்குழி

பல் முளைக்கிற பேதி என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டோம். மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். கீழ் ஈறில் வெள்ளையாய் ஒரு புள்ளி. பழியை எல்லாம் அதன்மேல் போட்டாயிற்று. மூன்றாம் நாள் காலையில் வாந்தியும் சேர்ந்துகொண்டது.

மனைவி செல்போனில் கணக்கு எழுதினாள், எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று. பதினொரு மணிக்குள் ஒன்பது வரி. நான் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். அவன் நாக்கால் தள்ளினான்.

அம்மா பிள்ளையை வாங்கித் தலையைத் தடவினாள். "உச்சிக்குழி விழுந்திருச்சுடா. தொக்கம் எடுக்கிறவங்ககிட்ட தூக்கிட்டுப் போவோம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "மூடநம்பிக்கைம்மா" என்று கத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கிளினிக்கில் எங்கள் டோக்கன் 31. உள்ளே போயிருந்தது 12. டோக்கன் கொடுக்கிற அக்கா குழந்தை முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க உள்ள போங்க" என்றார். யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை. கை நேரே உச்சிக்குழிக்குப் போனது. அடுத்து வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டார்; அது சட்டென்று சமமாகாமல் மெல்லப் படிந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மனைவி கணக்கை வாசித்தாள். "சரி, கடைசியா யூரின் எப்போ போனான்?"

மூன்று பேரும் விழித்தோம். டயப்பருக்குள் எது மூத்திரம், எது தண்ணீராய்ப் போனது என்று யார் கண்டது?

"குழி விழுந்ததால பேதி ஆகல பாட்டிம்மா. பேதியாகி உடம்புல தண்ணி வத்துனதால குழி விழுந்திருக்கு" என்றார் டாக்டர். அம்மா அடையாளத்தைச் சரியாகப் பிடித்து, காரணத்தில் தவறியிருந்தாள். நானோ காரணத்தோடு அடையாளத்தையும் தூக்கி எறிந்திருந்தேன்.

என் டம்ளருக்கும் திட்டு விழுந்தது. ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கலந்தால் பிள்ளை உடம்பில் உப்பு ஏறிவிடும். அளவான சர்க்கரை குடலுக்குள் உப்பை இழுத்துப் போக, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. சூட்சுமம் அந்த அளவில்தான்.

"டிரிப்ஸ் போட்டுரலாமா டாக்டர்?" நம் ஊரில் பாட்டில் தொங்கினால்தானே வைத்தியம்!

"குடிக்கிறான்ல? நாலு மணி நேரம் இங்கயே உட்காருங்க."

எட்டு கிலோ எடைக்கு 600 மில்லி. ஐந்து மில்லி ஸ்பூனில் 120 ஸ்பூன். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வீட்டுக்குப் போய் ஜிங்க் 14 நாள்.

1971-ல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் காலரா பரவி, போங்காவ்னில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே புகட்ட வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இதைப் பின்னால்தான் படித்தேன். அன்று தெரிந்ததெல்லாம், பத்தாவது ஸ்பூனிலேயே எனக்குக் கை வலித்தது.

அம்மாவுக்கு வலிக்கவில்லை. டயப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் சாய்த்து, கடைவாயில் ஸ்பூனை வைத்துச் சரித்தாள். அவளிடம் அவன் துப்பவில்லை. எண்ணிக்கை மட்டும் என் வேலை. எழுபதைத் தாண்டியிருப்போம். அம்மா திடீரென்று, "போயிட்டான்டா!" என்று கிளினிக்கே திரும்பிப் பார்க்கக் கூவினாள். நூல் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாய் ஈரம்.

மனைவி செல்போனை எடுத்து மணியைக் குறித்துக்கொண்டாள். 2.40.