மெலிந்தது போதும், இனிச் சுருங்கட்டும்

வைகை எக்ஸ்பிரஸ் விழுப்புரம் தாண்டியதும் முன் இருக்கைக்காரர் சாய்ந்துகொண்டார். என் மடிக்கணினியின் திரை பாதி மடங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. சாய்வதற்கென்றே செய்த இருக்கை அது. 15.6 அங்குலத் திரையை நிமிர்த்தி வைக்க அங்கே இடமில்லை. தட்டுப்பலகையின் இருபுறமும் கணினி துருத்திக்கொண்டு நின்றது. மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். அதன் தடிமன் 2 சென்டிமீட்டருக்கும் குறைவுதான். அது இன்னும் பாதியாகியிருந்தாலும் அந்த இருக்கையில் எனக்கு ஒரு பயனும் இல்லை. நீள அகலம் கொஞ்சம் குறைந்திருந்தால், எடுத்துவந்த வேலையைத் திண்டுக்கல்லுக்கு முன்பே முடித்திருப்பேன்.

மெலிவு வேறு, சிறிய உருவம் வேறு. கணினி செய்கிறவர்கள் பல ஆண்டுகளாக முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்ததாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு நோட்டுப் புத்தக அளவில், கனமான வேலையும் செய்கிற கணினி ஏன் அரிதாகவே கிடைக்கிறது என்று தேடிப்போனால், விடை சிப்புக்குள் இல்லை. அதிலிருந்து கிளம்பும் சூட்டில் இருக்கிறது.

ஆசை பழையது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த ஆலன் கே, 1972-இல் ‘டைனாபுக்’ என்ற ஒரு கற்பனைக் கருவியை விவரித்து எழுதினார். குறிப்பேடு அளவில் இருக்க வேண்டும், எடை 4 பவுண்டுக்குள் அடங்க வேண்டும், குழந்தைகள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது ஆண்டு கழித்து அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 ஏறக்குறைய 11 கிலோ. தையல் மெஷினைப் போலக் கைப்பிடி பிடித்துத் தூக்க வேண்டும். 5 அங்குலத் திரை, பேட்டரி கிடையாது. ஜப்பானில் தோஷிபா 1996-இல் கொண்டுவந்த லிப்ரெட்டோ 840 கிராமில் 6.1 அங்குலத் திரையோடு வந்தது. தடிமன் 3 சென்டிமீட்டருக்கும் மேல். 2007-இல் தைவானின் ஏசஸ் நிறுவனம் 7 அங்குல ‘ஈ பிசி’யை விற்றபோது விலை மலிவு என்று உலகமே வாங்கியது. ஆனால் அதன் 900 மெகாஹெர்ட்ஸ் பிராசசரை 630-க்குக் குறைத்துத்தான் ஓட விட்டிருந்தார்கள். சிறியதாக வேண்டுமானால் வேகத்தை விட்டுக்கொடு என்ற பேரம் அப்போதும் தொடர்ந்தது.

கணினிக்குள் போகும் மின்சாரத்தில் திரையின் ஒளியாகப் போகும் சிறு பங்கு நீங்கலாக மற்றதெல்லாம் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். கணக்குப் போட்டதற்காகச் சேமித்து வைக்கப்படும் ஆற்றல் என்று ஒன்று இல்லை. 15 வாட் உள்ளே போனால் 15 வாட் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் உள்ளே சூடு ஏறும், பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஃபேன் இல்லாத கணினி தன் மேல்தோல் வழியாக மட்டுமே சூட்டை விட முடியும். ஒரு சதுர மீட்டர் பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 10 வாட்டை விடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏ4 தாள் அளவுள்ள மடிக்கணினிக்கு மேலும் கீழுமாக ஏறத்தாழ 1,250 சதுர சென்டிமீட்டர் பரப்பு தேறும். கை தாங்கும் சூடு 45 டிகிரி என்று வைத்தால், 20 டிகிரி குளிர்ந்த அறையில் 25 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. 31 வாட் வரை விடலாம். சென்னையில் ஏசி இல்லாத அறையில், 34 டிகிரி வெயில் காலத்தில், இடைவெளி 11 டிகிரிதான். 14 வாட். இதுவும் மேல்தோல் முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால்தான். அடிப்பக்கம் மேசையோடு ஒட்டியிருப்பதால் நடைமுறையில் பாதி கிடைத்தால் அதிகம். வெளிநாட்டு விமர்சகர் ‘சூடே தெரியவில்லை’ என்று பாராட்டிய கணினி நம் வீட்டு மேசையில் தவழ்ந்து போவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். அந்தக் கணினியை இரண்டாக மடித்த அளவுக்கு, ஏ5 தாளுக்குச் சுருக்கினால் பரப்பும் பாதியாகும். மூன்று நான்கு வாட்டுக்குமேல் தாங்காது.

ஆகவே வழி இரண்டு. கிளம்பும் சூட்டைக் குறைக்க வேண்டும். கிளம்பியதைச் சீக்கிரம் வெளியே அனுப்ப வேண்டும்.

முதல் வழியில் நடந்திருப்பது பெரிய சாதனை. பிராசசர் செலவழிக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு ஏறுகிறது. மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் லாபம் பெருகுகிறது: வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்தக் கணக்கு புதிதல்ல. ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் 1974-இலேயே, டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும், சூடு ஏறாது என்று காட்டியிருந்தார். முப்பது ஆண்டு அது பலித்தது. 2005-ஐ ஒட்டி நின்றுபோனது. டிரான்சிஸ்டர்கள் அவ்வளவு சிறிதானபோது, மூடிய குழாயில் சொட்டும் தண்ணீர் போல மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்குமேல் இறக்க முடியவில்லை. அந்த நேரத்தில் மேசைக் கணினிகளின் பிராசசர்கள் 100 வாட்டைத் தாண்டிவிட்டிருந்தன.

தப்பிக்க வழி காட்டிய சிப் அதற்கு இருபது ஆண்டு முன்பே பிறந்திருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற சிறு நிறுவனத்தில் சோபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப், 1985 ஏப்ரல் 26 அன்று சோதனைக்கு வந்தது. விலை மலிவான பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும், பிளாஸ்டிக் சூடு தாங்காது. அதனால் 1 வாட்டுக்குள் அடக்க முயன்றார்கள். சிப் ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டரை வைத்துப் பார்த்தால் பூஜ்யம். கடைசியில் தெரிந்தது, பலகையில் இருந்த ஒரு பிழையால் சிப்புக்கு மின்சாரமே போகவில்லை. மற்ற கம்பிகளில் வந்த சமிக்ஞைகளிலிருந்து ஒழுகிய மின்சாரத்திலேயே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது! முறையாக இணைத்து அளந்தபோதும் இலக்கில் பத்தில் ஒரு பங்குதான் செலவானது. சிக்கனத்தை நோக்கமாக வைத்துத் தொடங்கியவர்களுக்கு அவர்கள் எதிர்பார்த்ததைவிடவும் கூடுதலாகக் கிடைத்தது. கைபேசிகளுக்குள் வளர்ந்த அந்தக் குடும்பம், 2020 நவம்பரில் எம்1 சிப்பாக ஆப்பிளின் மடிக்கணினிகளுக்குள் வந்தது. 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள், ஃபேன் இல்லாத மேக்புக் ஏர்.

எம்1-இல் இன்னொரு சிக்கனமும் உண்டு. நினைவகச் சிப்புகளைப் பிராசசரின் பக்கத்திலேயே, ஒரே தொகுப்பில் உட்காரவைத்தார்கள். இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு ஆகும் செலவைவிட, அந்த எண்களை நினைவகத்திலிருந்து எடுத்துவருவதற்கு நூற்றுக்கணக்கான மடங்குக்கும் மேல் ஆற்றல் ஆகிறது. தெருக்கோடிக் குழாயில் பிடித்துவருவதற்கும் அடுப்படிப் பானையில் மொண்டுகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. வாங்கியபின் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது என்பது இதன் விலை. எனக்கு அது உறுத்துகிறது. ஆனாலும் சிறிய கணினிக்கு இந்த விலை நியாயமானதே.

சூட்டை வெளியே அனுப்பும் இரண்டாவது வழியில்தான் மெலிவு மோகம் குறுக்கே நிற்கிறது.

பிராசசரின் மேல் தட்டையான செம்புக் குழாய் ஒன்று படுத்திருக்கும். உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சிறிது தண்ணீரை அடைத்திருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு ஓடும், அங்கே குளிர்ந்து மீண்டும் நீராகும். அந்த நீர், அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவது போல, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாகத் திரும்பிவரும். மறுமுனையில் ஃபேன். நொடிக்கு ஒரு லிட்டர் காற்று 12 டிகிரி சூடேறி வெளியே போனால் 15 வாட்டையும் கொண்டுபோய்விடும். ஒரு லிட்டர் காற்று பெரிய விஷயமல்ல. ஆனால் உயரமில்லாத பெட்டியில் ஃபேனின் இறக்கைகளும் தட்டையாகிவிடும். அதே காற்றைத் தள்ள அது வேகமாகச் சுழல வேண்டும், இரைச்சல் போட வேண்டும்.

2015-இல் ஆப்பிள் கொண்டுவந்த 12 அங்குல மேக்புக்கை நினைத்துப் பாருங்கள். 920 கிராம், 13.1 மில்லிமீட்டர். அளவில் நான் கேட்பதற்கு மிக அருகில் வந்த கணினி. மெலிவுக்காக ஃபேனை எடுத்தார்கள். ஐந்து வாட் அளவுள்ள பிராசசர்தான் பொருந்தியது. மெலிவுக்காகவே விசைகளின் ஆழத்தையும் வெட்டினார்கள். விசைகள் ஒட்டிக்கொள்கின்றன என்ற புகார்கள் குவிந்து, 2018-இல் நிறுவனமே இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. 2019-இல் மாடல் நின்றது. இதற்கு மாறாக, 2022-இல் வந்த ‘ஸ்டீம் டெக்’ என்ற விளையாட்டுக் கருவியைப் பாருங்கள். அதுவும் முழுக் கணினிதான். 7 அங்குலத் திரை, 669 கிராம், 15 வாட் வரை செலவழிக்கும் பிராசசர், உள்ளே ஃபேன். கனமான முப்பரிமாண விளையாட்டுகளையே ஓட்டுகிறது. கைப்பிடிகளோடு சேர்த்துத் தடிமன் 5 சென்டிமீட்டர் வரும். யாரும் அதைக் குண்டு என்று ஒதுக்கவில்லை.

ஆக, நான் கேட்கும் கணினி இதுதான்: 10 அங்குலத் திரை, இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், 15 வாட், 40 வாட்-மணி பேட்டரி. எழுத்து வேலையில் சராசரி 5 வாட் செலவானால் எட்டு மணி நேரம் ஓடும். இன்றைய லித்தியம் செல்கள் கிலோவுக்கு 250 வாட்-மணி வரை தருவதால் பேட்டரியின் எடை 160 கிராமை ஒட்டி வந்துவிடும். இயற்பியல் இதில் எதையும் தடுக்கவில்லை.

தடுப்பது விரல். முழு அளவு கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு 19 மில்லிமீட்டர். சிறிய கணினிகளில் இடம் போதாதபோது முதலில் நசுக்கப்படுவது வலது ஓரத்து நிறுத்தக்குறி விசைகள். ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு அது சில்லறைத் தொல்லை. தமிழ்99 முறையில் தட்டுகிறவருக்கு அந்த ஓரத்தில்தான் ச, ஞ, ந, ய இருக்கின்றன. ந-வையும் ய-வையும் தொடாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

இதற்கும் ஒரு விடை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஐபிஎம்மின் ஜான் கரிடிஸ், 1995-இல் வந்த திங்க்பேட் 701 மாடலில் கீபோர்டை இரண்டு முக்கோணத் துண்டுகளாக வெட்டினார். மூடியைத் திறக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று உரசி நகர்ந்து, 24.6 சென்டிமீட்டர் பெட்டியிலிருந்து 29.2 சென்டிமீட்டர் கீபோர்டாக விரியும். மூடினால் பழையபடி உள்ளே போய்விடும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டில் திரைகள் பெரிதாகின, பெட்டியே போதுமான அகலத்துக்கு வந்துவிட்டது, முக்கோணங்கள் தேவைப்படவில்லை. இப்போது திரையை மறுபடி சிறிதாகக் கேட்கிறோம். அந்த இரண்டு முக்கோணங்களையும் யாராவது மீண்டும் கையில் எடுத்தால், ரயில் பெட்டியின் தட்டுப்பலகையிலும் ந-வுக்கும் ய-வுக்கும் உரிய இடம் கிடைக்கும்.